தமிழ் மறவனும் காலியாக விட்ட கட்டமும்

அந்தப் படம் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது ஆடி மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை ஏழு மணி பதினாறு நிமிடத்துக்கு. மொரப்பூரில் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஈரமான கருங்கல் ஒன்றின் மேல் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று இறக்கையை முழுதாக விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கீழே இரண்டே சொற்கள்: ‘தமிழ் மறவனா?’

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, தமிழ் மறவன்தான். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். நிமிடம் தவறாமல் எழுதுவது வேலையோடு வந்த பழக்கம். ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு நீள நோட்டு வாங்கி, கோடு போட்டு, நான்கு கட்டம் பிரித்தேன்: நாள், நேரம், இடம், பார்த்தது. அன்றிலிருந்து இந்தத் தருமபுரி மாவட்டத்தில் நான் பார்த்த வண்ணத்துப்பூச்சி ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. என்னைப் போல இன்னும் நாற்பது பேர் சேர்ந்த குழு அது. மாவட்டத்துக்கென்று ஒரு பட்டியல் தயாரித்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவது எங்கள் எண்ணம். குழுவை நடத்துபவர் வத்தல்மலையில் காபி போட்டிருக்கும் ஒரு விவசாயி. சந்தேகமான பதிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பை அவர் என்னிடம் கொடுத்திருந்தார். இடம் இல்லாத பதிவு பதிவே இல்லை என்பது நான் கொண்டுவந்த விதி.

தமிழ் மறவன் நம் மாநில வண்ணத்துப்பூச்சி. பெயரில் தமிழ் இருந்தாலும் தமிழ்நாடு முழுக்கப் பறப்பதில்லை. அது மழைக்காட்டுப் பூச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரம் அடர்ந்து, ஓடையில் ஆண்டு முழுக்க நீர் ஓடும் இடங்களில் இருப்பது. காட்டின் விளிம்பில் வேகமாகப் பறக்கும். சட்டென்று ஓர் இலையில் உட்கார்ந்து இறக்கையை விரிக்கும். சில பருவங்களில் கூட்டங்கூட்டமாகக் கிளம்பிப் போகும். ஈர மண்ணில் உப்பு உறிஞ்சும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் மாவட்டம் புளியும் வேம்பும் மாந்தோப்புமாக உள்ள வறண்ட பூமி. இங்கே ஆரஞ்சு நிறத்தில் எது பறந்தாலும், உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி போட்ட வேறொரு சாதாரணப் பூச்சியாகத்தான் இருக்கும். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டு ‘தமிழ் மறவன்’ என்று குதிப்பார்கள். நான் மறுப்பேன். வழக்கமாக நடப்பது இது.

இந்தப் படத்தை அப்படி மறுக்க முடியவில்லை. அனுப்பியவர் பென்னாகரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. ஐம்பது வயதை ஒட்டியவர். குழுவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பூச்சி பார்ப்பதில் அவருக்குத் தனிக் கண் இருந்தது. ‘அந்தச் சிறுத்தைப் பூச்சிக்கு ஒடம்பெல்லாம் பூப்போட்ட துணிங்க சார். இதுக்கு நடுவுல ப்ளெய்னு, ஓரத்துல மட்டும் கருப்பு பார்டரு. அடிப்பக்கம் வெள்ளிச் சரிகை மாதிரி ஒரு கோடு’ என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார். நான் படித்த எந்தப் பக்கமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

“எந்த இடத்தில் எடுத்தீர்கள்?” என்று அவருக்குத் தனியாக எழுதிக் கேட்டேன்.

‘பென்னாகரம் பக்கம்’ என்று பதில் வந்தது.

“பென்னாகரம் பக்கம் என்றால்? ஊர், ஓடை, கொல்லை?”

இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

எனக்கு அது போதும். பழைய செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். வைகாசி மாதம் மூன்றாம் வாரத்தில் அதே பெண்மணி தலைக்காவேரியில் குடும்பத்தோடு நிற்கும் படம் போட்டிருந்தார். தலைக்காவேரி குடகு மலையில் இருக்கிறது. அசல் மழைக்காடு. அங்கே எடுத்த படத்தைக் கையில் வைத்திருந்து, ஆடியில் பென்னாகரம் என்று போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். படத்தின் நான்கு ஓரமும் வெட்டப்பட்டிருந்தது. பின்னணியில் என்ன இருக்கிறது என்று தெரியாதபடி நெருக்கி வெட்டியிருந்தார். மறைக்க ஏதும் இல்லாதவர் ஏன் வெட்ட வேண்டும்?

வத்தல்மலைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“சார், அந்தம்மா துணியே நாள் முச்சூடும் வெட்டுது. படத்தையும் வெட்டியிருக்கும்” என்று சிரித்தார். “நீங்க ரயில்வேல இருந்திருக்கக் கூடாது சார். சிஐடில இருந்திருக்கணும்.”

“விளையாட்டில்லீங்க. பட்டியல்ல பொய் ஏறிட்டா அப்புறம் இறக்க முடியாது.”

“அப்ப நேர்ல போயி கேளுங்க. ஆனா பாத்து. கத்தரிக்கோல் வெச்சிருக்கும்.”

நேரில் போகத்தான் முடிவு செய்தேன். பூச்சிக்காக வந்தேன் என்று தெரிந்தால் ஜாக்கிரதையாகிவிடுவார் என்று, மனைவி பீரோவில் வைத்திருந்த ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டேன். மனைவி பார்த்துவிட்டாள்.

“என்னோட ஜாக்கெட் துணியத் தூக்கிக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க?”

“பென்னாகரத்துல ஒரு நல்ல டைலர் இருக்காங்களாம்.”

“முப்பத்தி நாலு வருஷமா நான் என்ன போட்டிருக்கன்னு பாத்ததில்ல. இன்னிக்கு ரெண்டு பஸ் மாறி ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?” என்றாள். மேலே எதுவும் கேட்கவில்லை. அந்தப் பார்வை நான் தெருமுனை திரும்பும்வரை முதுகில் இருந்தது.

தருமபுரியில் பஸ் மாறி பென்னாகரம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே கால். கடை பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஒரே மெஷின், சுவரில் மாட்டிய பாவாடைகள், ஒரு கண்ணாடி. அவர் என்னைக் குழுவில் உள்ள படத்தை வைத்து உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க சார், உக்காருங்க. என்னா இவ்ளோ தூரம்?”

துணியை நீட்டினேன். விரித்துப் பார்த்தார். மடித்தார். என் பையைப் பார்த்தார்.

“அளவு ஜாக்கெட் எங்க சார்?”

பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. நிமிடக் கணக்கில் எல்லாம் எழுதுகிறவன் நான்.

“அளவு இல்லாம நான் யாருக்குன்னு வெட்டறது? மொரப்பூர்ல டைலரே இல்லீங்களா?” என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை. “நீங்க ஜாக்கெட்டுக்கு வரல சார்.”

“இல்லைம்மா. அந்தப் படத்தப் பத்திதான்.”

“படம் போட்டன். பூச்சி சரிதான?”

“சரி. இடம்?”

“பென்னாகரம் பக்கம்.”

“தலைக்காவேரி இல்லையே?”

அவர் கையிலிருந்த அளவு டேப்பைச் சுருட்டினார். மெதுவாக, ஒரு சுற்று, இரண்டு சுற்று. “அப்ப நான் பொய் சொல்றன்னு சொல்றீங்க” என்றார். “துணிய வெச்சிட்டுப் போங்க. அம்மாவோட அளவு ஜாக்கெட்ட அனுப்புங்க, தெச்சிக் குடுக்கறன். அது வேற, இது வேற.”

திரும்பும் பஸ்ஸில் நோட்டை எடுத்து எழுதினேன்: ‘பென்னாகரம், 11.15 முதல் 11.40. இடம் சொல்ல மறுப்பு. நேரடிக் கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை.’ இப்போது அந்த வரியைப் படிக்கும்போது காவல் நிலையக் குறிப்பு போல இருக்கிறது.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை இரண்டாவது படம் வந்தது. இது என் தலைக்காவேரிக் கதையை உடைத்தது. ஓர் இலையின் அடியில் கம்பளிப்புழுக்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. கிளையைத் தொட்டதும் ஒவ்வொன்றும் நூல் விட்டுக் கீழே இறங்கித் தொங்கியதாக எழுதியிருந்தார். தமிழ் மறவனின் புழுக்கள் கூட்டமாகத்தான் மேயும். மிரட்டினால் நூலில் இறங்கும். பார்க்காமல் இதைக் கற்பனை செய்ய முடியாது. அல்லது படித்துவிட்டும் எழுதியிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

நான் புழுவை விட்டுவிட்டு இலையைப் பார்த்தேன். நீளமான, பளபளப்பான, பல் வெட்டிய இலை. எங்கள் பக்கத்து மரம் எதற்கும் அப்படி இலை கிடையாது. என்னிடம் உள்ள புத்தகங்களை எல்லாம் இறக்கி வைத்து இரண்டு நாள் தேடினேன். நீரடிமுத்து. மேற்கு மலையின் ஆற்றோரங்களில் வளரும் மரம். தமிழ் மறவன் முட்டையிடுவதற்குத் தேடிப் போவது அதைத்தான். அந்த மரம் இல்லாத ஊரில் அதன் புழு இருக்க வழியில்லை.

புதிய கதை ஒன்று உடனே உருவானது. வைகாசியில் குடகிலிருந்து முட்டையோ புழுவோ கொண்டுவந்து, இலையும் வரவழைத்து, டப்பாவில் வளர்த்துக்கொண்டிருக்கிறார். முட்டை பூச்சியாவதற்கு எத்தனை நாள், அது முட்டையிட்டு அடுத்த தலைமுறை வர எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். வைகாசி, ஆடி, ஆவணி. கணக்கு சரியாக வந்தது. அவ்வளவு சரியாக வந்ததுதான் என்னைக் கெடுத்தது.

அன்று மாலை குழுவில் எழுதினேன்: ‘இந்த இலை நீரடிமுத்து மரத்தினுடையது. தொழுநோய்க்கு எண்ணெய் எடுக்கும் மரம். தருமபுரி மாவட்டத்தில் இயற்கையாக இல்லை. பென்னாகரத்தில் இந்த மரம் எங்கே நிற்கிறது என்று சகோதரி சொல்லாதவரை இரண்டு பதிவுகளையும் சந்தேகத்துக்குரியவை என்று குறிக்கிறேன்.’

நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவர் குழுவில் பதில் எழுதவில்லை. அதன்பின் எந்தப் படமும் போடவில்லை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு பூச்சியாவது போட்டுக்கொண்டிருந்தவர். இடையில் மனைவியின் அளவு ரவிக்கையைத் தெரிந்தவர் மூலம் அனுப்பியிருந்தோம். புரட்டாசி பிறந்த முதல் வாரத்தில் அவரிடமிருந்து எனக்கு நேராகப் போன் வந்தது. வணக்கம் சொல்லவில்லை.

“சார், ஜாக்கெட் தெச்சாச்சு. வந்து வாங்கிக்குங்க. அப்பிடியே நீங்க கேட்ட எடத்தையும் பாத்துக்குங்க, இல்லாட்டி தோண்டறத நிறுத்த மாட்டீங்க. தனியா வரணும். போன கடையில வெச்சிட்டுத்தான் வரணும்.”

போனை எதற்காக வைக்கச் சொல்கிறார்? படம் எடுக்கக் கூடாது என்பதற்குத்தான். படம் எடுக்கக் கூடாத இடத்தில் என்ன இருக்கும்? என்னை எங்காவது ஒரு மரத்தைக் காட்டி ஏமாற்றப் போகிறார் என்றே நினைத்துக்கொண்டு போனேன். போனை அவர் மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினார். அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். எந்தச் சாலை, எத்தனை கிலோமீட்டர் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியும். கிலோமீட்டர் கல்லை எல்லாம் எண்ணிக்கொண்டேதான் போனேன்.

வண்டி நின்றது ஒரு கொல்லை மேட்டில். துவரையும் ராகியும் போட்டிருந்தார்கள். நடுவில் கருங்கல் கட்டிய பழைய கிணறு. அந்தக் கல்லை உடனே அடையாளம் கண்டேன். முதல் படத்தில் பூச்சி உட்கார்ந்திருந்த கல். கிணற்றை ஒட்டி, வாய்க்கால் தண்ணீர் எப்போதும் கசியும் இடத்தில், மரம் நின்றது. என் கழுத்து நோக அண்ணாந்து பார்க்கும் உயரம். கிளையில் விளாம்பழம் போல உருண்டையாகப் பழுப்புக் காய்கள். பாதி இலைகள் கடிபட்டு நரம்பு மட்டும் மிஞ்சி இருந்தன.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று தமிழ் மறவன்கள் நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தன. ஒன்று வாய்க்கால் சேற்றில் இறங்கியது. இன்னொன்று இலைமேல் இறக்கையை விரித்தது. கருப்பு பார்டர், நடுவில் ப்ளெய்ன். மூன்றாவது இலைக்கடியில் போய் வயிற்றை வளைத்தது. முட்டை வைக்கிறது. டப்பாவும் இல்லை, குடகும் இல்லை.

கையில் கடிகாரம் இருந்தது. மணி பன்னிரண்டு ஏழு.

“பாத்தாச்சா?” என்று கிணற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. மோட்டார் கொட்டகை நிழலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் அப்பா. தோளில் கிடந்த துண்டின் ஒரு முனை வலது கையைச் சுற்றியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அந்தக் கையில் மூன்று விரல்கள் உள்ளே மடங்கி நின்றுவிட்டிருந்தன.

“அப்பா” என்றார் மகள்.

“இரும்மா. அவரு இதத்தான தேடிக்கிட்டு வந்தாரு.” என்னிடம் திரும்பினார். “மரம் நான் வெச்சதுங்க. எனக்குக் கல்யாணமாவறதுக்கு முந்தி, கைல தேமல் மாதிரி வந்து, அந்த எடத்துல சூடு தெரியாது. பெருநோவுன்னு பொறந்த ஊர்ல சொல்லிட்டாங்க. மலையாளத்துப் பக்கம் ஒரு வைத்தியர்கிட்ட போனன். இந்தக் கொட்டைய ஆட்டி எண்ணெய் தேய்ன்னாரு. அந்த ஊர வுட்டு இங்க வந்தப்ப நாலு கொட்ட கொண்டாந்து ஊனுனன். ஒண்ணு மொளச்சுது.”

“எண்ணெயில் குணமாச்சா?”

“எங்கங்க? நாத்தந்தான் மிச்சம். அப்பறம் கவர்மெண்டு ஆஸ்பத்திரி மாத்திரையிலதான் போச்சு. குணமாயிருச்சுன்னு சீட்டே குடுத்தாங்க. சீல் போட்ட சீட்டு.”

“அந்தச் சீட்டு இருக்கா?” என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

பெரியவர் சத்தமாகச் சிரித்தார். “எம்பொஞ்சாதி அடுப்புல போட்டுட்டா. குணமாயிருச்சுன்னு சீட்டு காட்டுனா, என்னா குணமாச்சுன்னு கேப்பாங்க இல்ல?”

நானோ காகிதத்தை நம்பியே வாழ்ந்தவன்.

மகள் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்தார். கோபம் இறங்கியிருந்தது, அதற்குப் பதில் களைப்பு வந்திருந்தது. “மரத்த வெட்டிடுன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. அப்பா வுடமாட்டன்னுட்டாரு. இங்க இருக்கறவங்களுக்கு இது ஏதோ காட்டு மரம். கைய, சின்ன வயசுல நெருப்புல சுட்டுக்கிட்டதுன்னு சொல்லி வெச்சிருக்கறம். வர்ற ஐப்பசியில என் பொண்ணுக்கு நிச்சயம் சார். மாப்பிள்ளையோட பெரியப்பா சித்த வைத்தியரு. மரத்துப் பேரக் கேட்டாலே எதுக்குன்னு தெரிஞ்சிக்குவாரு. பூச்சி அழகா இருந்துதுன்னு ஆசையில போட்டுட்டன். நீங்க மரத்துப் பேரு, நோவுப் பேரு ரெண்டயும் எம்பேருக்கு அடியிலயே எழுதிப் போட்டீங்க. அன்னிக்கு எனக்கு மெஷின் மிதிக்கக் கால் வரல.”

நான் எழுதியதை மனதுக்குள் மறுபடி படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் சரி. தப்பான தகவல் ஒன்றுகூட இல்லை.

“என்ன செய்யட்டும்?” என்று கேட்டேன். “இங்கே பார்த்தேன், உண்மைதான் என்று எழுதினால்...”

“ஐயோ, வேணாங்க. பொய்க்காரின்னே இருக்கட்டும். கல்யாணம் முடியட்டும்.”

“எழுதின செய்தியை இப்ப அழிக்க முடியாதும்மா. நாள் தாண்டிடுச்சு.”

“தெரியும். தெனம் எடுத்து எடுத்துப் பாக்கறன்.”

பெரியவர் அந்தக் கையை வெயிலில் நீட்டி வைத்திருந்தார். “நாலு விரலு மடங்காம இருந்தா எல்லாரும் நல்லவங்க” என்றார், யாரையும் பார்க்காமல். “சாருக்கு மோர் ஊத்தும்மா. வெயில்ல வந்திருக்காரு.”

மோர் வந்தது. எனக்கு ஒரு டம்ளர், அவருக்கு ஒரு டம்ளர். அவர் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்தார். நான் குடித்து முடிக்கும்வரை மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதைப் பார்க்கிறேன், டம்ளரைக் கீழே வைக்கிறேனா என்று. அத்தனை நாளும் நான் அவரைப் பார்த்த பார்வைதான் அது. முழுதாகக் குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டேன்.

கடைக்குத் திரும்பி, போனை வாங்கியதும், அவர் எதிரிலேயே குழுவில் எழுதினேன்: ‘ஆவணியில் வந்த புழுப் படத்தில் இலையின் பெயரை நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அது உறுதியில்லை. அந்தப் பெயரை யாரும் பயன்படுத்த வேண்டாம். தவறு என்னுடையது.’

எனக்குத் தெரிந்து நான் எழுத்தில் சொன்ன முதல் பொய். அதற்குக் கீழே இன்னொன்றும் எழுத விரும்பினேன். அவரிடம் கேட்டேன்.

“பூச்சியை நானும் பார்த்தேன்னு போடலாமா? இடம் போடாம.”

“எடம் போடாட்டி உங்களையும் நம்ப மாட்டாங்களே சார்?”

“ஆமா.”

அவர் பல் தெரியச் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவை. “அப்ப போடுங்க. உங்களையும் ரெண்டு பேரு திட்டட்டும்.”

உடனே போடவில்லை. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் யாராவது முடிச்சுப் போடுவார்கள். எனக்கே அந்தப் புத்தி உண்டு என்பதால் அடுத்தவருக்கும் இருக்கும் என்று தெரியும். பன்னிரண்டு நாள் கழித்து, ‘புரட்டாசியில் தமிழ் மறவன் மூன்று பார்த்தேன். இடம் சொல்ல இயலாது’ என்று எழுதினேன். அடுத்த நிமிடமே வத்தல்மலைக்காரர் கூப்பிட்டார்.

“சார், இடம் இல்லாத பதிவு பதிவே இல்லன்னு சொன்னது யாருங்க?”

“நான்தான்.”

“படமாச்சும் இருக்குதா?”

“இல்லை.”

“நேரம்?”

“பன்னிரண்டு ஏழு.”

“நேரம் மட்டும் நிமிஷத்தோட இருக்குது” என்றார். “அந்தப் பென்னாகரத்தம்மா மேலயும் கேள்விக்குறி, உங்க மேலயும் கேள்விக்குறி. என்னா நடக்குதுன்னே புரியல. ஏங்க, ஒடம்பு நல்லா இருக்குதில்ல?”

“நல்லா இருக்குது.”

“அப்ப சரி. விதின்னா விதி. உங்களையும் கடைசிப் பக்கத்துக்குத்தான் அனுப்புவன்.”

அனுப்பினார். மார்கழியில் பட்டியல் வெளியானது. கடைசிப் பக்கத்தில் ‘உறுதி செய்யப்படாதவை’ என்ற தலைப்பின் கீழே தமிழ் மறவன். பார்த்தவர்கள் இரண்டு பேர். அவர் முதலில், நான் அடுத்து. குழுவில் சிலர் என்னைக் கேலி செய்தார்கள். ரயில்வே சார் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று ஒருவர் எழுதினார். அந்தச் செய்திக்கு அந்த அம்மா ஒரு சிரிப்பு முகம் போட்டார். ஆவணிக்குப் பிறகு குழுவில் அவர் போட்டது அதுதான் முதல்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. நானும் மனைவியும் போனோம். மனைவி அந்த ரவிக்கையைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். அளவு கச்சிதமாக இருந்தது. இருந்தாலும் அவளுடைய சந்தேகம் தீர்ந்தபாடில்லை. “இவங்கதான் அந்த டைலரா?” என்று மேலும் கீழும் பார்த்தாள். மணமேடைக்குப் பக்கத்தில் பெரியவர் வெள்ளை வேட்டி கட்டி, தோளில் சரிகைத் துண்டைப் போட்டு, அதன் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டுக்குப் போகாமல் அந்த இரண்டு நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியப்பாவின் கண் துண்டுக்குப் போகிறதா, போகிறதா என்று. ஒருமுறை போனது. எனக்கு அப்படித்தான் பட்டது. அப்புறம் அவர் எழுந்துபோய்ப் பந்தியில் உட்கார்ந்தார். அவர் என்ன நினைத்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மாசியில் ஒருநாள் பென்னாகரம் போயிருந்தேன். கடையில் அந்த அம்மாவிடம் என் நோட்டைத் திறந்து காட்டினேன். நாள் எழுதியிருந்தது. நேரம் எழுதியிருந்தது. ‘தமிழ் மறவன், மூன்று, ஒன்று முட்டையிட்டது’ என்று எழுதியிருந்தது. இடத்துக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. பத்து வருட நோட்டில் அப்படி ஒரு கட்டம் வேறு எங்கும் கிடையாது.

“கல்யாணம்தான் நல்லபடியா முடிஞ்சுதே. இப்பவாவது இதை நிரப்பலாமா? என் நோட்டில் மட்டும்தான்.”

அவர் காஜா எடுத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். “நோட்ட யாரும் எடுத்துப் படிக்க மாட்டாங்களா சார்?”

“என் மனைவி படிப்பா. எனக்கப்புறம் யார் படிப்பாங்கன்னு தெரியாது.”

“எனக்கு இன்னொரு பொண்ணு இருக்கா சார்” என்றார். “ப்ளஸ் டூ படிக்கிறா.”

நோட்டை மூடிப் பையில் வைத்தேன். இதை எழுதுவதற்கும் அவரிடம்தான் அனுமதி கேட்டேன். பேர் கூடாது, ஊரையும், முடிந்தால் தொழிலையும் மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றினேனா இல்லையா என்பதைச் சொல்ல மாட்டேன்.

போன ஆடியில் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் ஆரஞ்சுப் பூச்சி ஒன்றைப் போட்டு, தமிழ் மறவன் என்று எழுதியிருந்தார். உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி. நான் மறுத்து எழுதுவதற்குள் அந்த அம்மா எழுதிவிட்டார்: ‘இது அது இல்லீங்க. பார்டரப் பாருங்க.’

புதியவர் கேட்டார்: ‘நீங்க அசல பாத்திருக்கீங்களா? எங்க?’

இரண்டு நீலக் கோடுகள் விழுந்திருக்கும், புதியவரின் போனில். மொரப்பூரில் நானும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எழுதவில்லை. அவரும் எழுதவில்லை.